கட்டைச் சத்தம்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். குளிர் இன்னும் விட்டபாடில்லை, ஆனாலும் இரண்டு பேரும் இருமாமல் இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

“மணி அடிச்சு ஓஞ்சப்புறம் அந்தச் சத்தம் எங்க போகுது மாமா?” நீ முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று இப்படித்தான் கேட்டாய். நான் என்னவோ அறிவியல் வாத்தியார் என்ற மிதப்பில், “காத்துல கலந்துடும்” என்றேன். “பாதிதான் மாமா” என்று சிரித்தாய். மீதிப் பாதியைச் சொல்வதற்குள் தேநீர் வந்துவிட்டது. அதோடு போயிற்று.

நேற்று அலமாரியை ஒழித்தபோது பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரிவுபசாரமாகக் கொடுத்த வெண்கலக் கைமணி அகப்பட்டது. ஆட்டினேன். முன்பு போல ஒலிக்கவில்லை, கட்டைச் சத்தம்தான் வந்தது. உலோகத்துக்கும் வயதாகுமா? நீ உலோகக் கலவை படித்தவள், நீதான் சொல்ல வேண்டும். கூடவே அந்த மீதிப் பாதியையும் சொல்லிவிடு.

இன்னொன்று. உன் கடிதங்களின் அடியில் உன் வீட்டுக்காரன் திருகாணி எப்போதும் ஒரு வரி கிறுக்குவான், “அப்பா, உயிரோடு இருக்கிறேன்” என்று. (வீட்டிலிருந்த திருகாணி அத்தனையையும் கழற்றிப் பார்த்த பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பது?) கடைசி இரண்டு கடிதங்களில் அந்த வரியைக் காணோம். இருக்கிறான் அல்லவா?

போனில் கேட்கலாமே என்பாய். போன் அவசரக்காரர்களுக்கு. கடிதத்தை இரண்டு முறை படிக்கலாம்.

அன்புடன்,
மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

மருமகளின் வணக்கம். நாங்கள் நலம். இங்கேயும் குளிர்தான். குழாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

மீதிப் பாதி உலோகத்துக்குள்ளேயே சூடாகிப் போகிறது மாமா. கைக்குத் தெரியாத அளவு சூடு. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. அது உள்ளே அதிகம் தேய்மானம் இல்லாமல் அதிர்வதால்தான் நெடுநேரம் ஒலிக்கிறது. வேறு சில உலோகங்களைத் தட்டினால் டொக்கென்று ஒரு கட்டைச் சத்தம், அவ்வளவுதான். அதிர்வு முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். கலப்பில்லாத மக்னீசியம் அப்படிப்பட்டது.

இப்போது என் வேலையும் மணி வார்ப்பவர் வேலைக்கு நேர் எதிரானது. எங்கள் வார்ப்படப் பட்டறையில் வார்த்தெடுத்த சாமான்களின் பிசிறைத் தேய்த்து எடுக்கக் கை கிரைண்டர் வைத்திருக்கிறோம். அதன் சக்கரம் சுற்றும் வேகமும் கைப்பிடி அதிர விரும்பும் வேகமும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி ஏறிக்கொண்டே போகும், அது மாதிரி. அதனால் கைப்பிடியை அதிர்வை விழுங்கும் உலோகத்தில் வார்த்துப் பார்க்கிறேன்.

நல்ல வெண்கலம் வீட்டு அலமாரியில் இருந்து இவ்வளவு சீக்கிரம் குரலை இழக்காது. விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அவருக்கு வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. உயிரோடு இருக்கிறார். நேற்றுகூட என் சமையலில் உப்பு இல்லை என்றார்.

அன்பு மருமகள்


பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

மாமாவின் ஆசிகள். என் முழங்கால் வலி பரவாயில்லை. அத்தைக்கு எப்போதும் போல என்னால்தான் தலைவலி.

மணியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன், விரிசல் இல்லை. நாக்கு தேய்ந்திருக்கும் போல.

உன் ஊஞ்சல் உதாரணம் பிரமாதம். முப்பது வருஷம் வகுப்பெடுத்த எனக்கு அது தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று தோன்றியது. அந்தப் பட்டறையில் பிசிறு எடுக்கும் வேலை யாருடையது என்பதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா அம்மா? அந்தக் கைப்பிடியைப் பிடிப்பது என் மகன். ஒரு வரி கிறுக்குவதற்கு நேரம் தேவையில்லை, விரல்தான் தேவை.

நீ எழுதாததை நான் படித்துவிட்டேனா, இல்லை இது வேலையில்லாத கிழவனின் கற்பனையா? கற்பனை என்றால் நன்றாகத் திட்டி ஒரு கடிதம் போடு. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். நான் எழுத உட்கார்ந்தால் அவர் எதிரே வந்து உட்கார்ந்து, “யாருக்கு? என்ன எழுதுற?” என்று கேட்கிறார். இன்று அவர் கடைக்குப் போயிருக்கிறார்.

உங்களைத் திட்ட முடியவில்லை மாமா. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அவர் விரல்கள் நுனியிலிருந்து சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகின்றன. அப்புறம் ரத்தம் திரும்பும்போது எரிச்சல். சில நாள் காசைத் தொட்டால் காசா பொத்தானா என்று தெரிவதில்லை. காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அதிர்வு விரலோட ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்துட்டு வருது. இப்பவே குறைச்சா திரும்பி வர வாய்ப்பிருக்கு. இப்படியே போனா விரல் இருக்கும், உணர்ச்சி இருக்காது.”

வெளியே வந்ததும் அவர், “அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத. மேல படிச்சிருந்தா ஆபீஸ்ல உட்கார்ந்திருப்பேல்லன்னு கேப்பார்” என்றார். கேட்பீர்களா மாமா?

முதல் வார்ப்பு தோல்வி. வெறும் மக்னீசியம் அதிர்வை விழுங்கும், ஆனால் கைப்பிடி ஆகும் பலம் அதற்கு இல்லை. வழக்கமாகச் செய்வது போல அலுமினியம் கலந்தேன். பலம் வந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது. கட்டித் தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரி கணீரென்றது! உலோகத்துக்குள் அணு வரிசைகளில் சில கோடுகள் பிசகி நிற்கும். அதிர்வு வரும்போது அவை முன்னும் பின்னும் நெளியும், அந்த நெளிவில்தான் அதிர்வு தேய்ந்து சூடாகிறது. கரைந்த அலுமினியம் அந்தக் கோடுகளை ஆணியடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. அவை நெளியாததால் பலம் கூடியது, அதே காரணத்தால் விழுங்கும் குணம் போய்விட்டது.

கணீர் சத்தத்தைக் கேட்டதும் அவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்பு மருமகள்


மார்ச் 8

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் ஒழுங்காகச் சாப்பிடு, தூங்கு. கவலையோடு உருக்கும் உலைப் பக்கம் போகாதே.

கேட்க மாட்டேன். இதைத்தான் முதலில் எழுத வேண்டும். அவன் கைவேலையைப் பார்த்திருக்கிறேன். அவன் தேய்த்துக் கொடுத்த ஒரு வார்ப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவு வழவழப்பு. அதைச் செய்த விரலிடம் போய் நீ ஏன் ஆபீசில் பேனா பிடிக்கவில்லை என்று கேட்பேனா? ஆனால் எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லாதே. அவனாகச் சொல்லட்டும்.

நீ சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். உன் அத்தை துணி காயப்போடும் கொடியைத் தளர்த்தி நடுவில் தட்டினேன், நன்றாக நெளிந்து ஆடியது. அப்புறம் அங்கங்கே ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டுத் தட்டினேன். அசையவே இல்லை. துவைத்த துணியோடு வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு என்னை ஆட்டி எடுத்துவிட்டாள்.

ஆக, உனக்கு வேண்டியது கொடியைக் கட்டாமல் வீட்டைப் பலப்படுத்தும் ஒரு ஆள். அப்படி ஒரு தனிமம் இருக்கிறதா? நான் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தில் இல்லை. உன் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை கிரைண்டர் பிடிக்கும் நேரத்தை எப்படியாவது குறைக்கச் சொல். என் பெயரைச் சொல்லாமல் சொல்.

அன்புடன்,
மாமா


மார்ச் 30

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

நீங்கள் கேட்ட ஆள் இருக்கிறது. சிர்கோனியம். ரொம்பக் கொஞ்சம் போட்டால் போதும். உருகிய மக்னீசியம் உறையும்போது அதன் படிகங்களைப் பொடிப்பொடியாக ஆக்கிவிடும், அதனால் பலம் வரும். ஆனால் உள்ளே அவ்வளவாகக் கரையாது, கொடியைப் பெரிதாகக் கட்டாது. எத்தனை ஆசையோடு வார்த்தோம் தெரியுமா! போட்டவள் நான், கிளறியவர் அவர்.

தட்டினோம். மறுபடியும் கணீர்.

ஆய்வகத்துக்கு ஒரு துண்டு அனுப்பி சிர்கோனியம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். அடையாளத்துக்குக்கூட இல்லை என்று பதில் வந்தது. என் கையால் போட்டது மாமா! உருக்கும் பானையிலிருந்து எங்கே போகும்?

முதலாளி நல்லவர், ஆனாலும் அவருக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது. “இன்னும் ஒரே ஒரு தடவை உருக்கிப் பாரு. அதுவும் வரலேன்னா இதை மூட்டை கட்டிடும்மா” என்றார்.

இவர் ராத்திரி சாப்பிடும்போது, “விடு, வேற வேலை பார்த்துக்கலாம். வாட்ச்மேன் வேலைக்கு யூனிஃபார்ம் சட்டையில பொத்தான் போடத் தெரிஞ்சா போதும்” என்றார். “அதையும் நான்தானே போடணும்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒரே ஒரு உருக்குதான் மிச்சம். எதை மாற்றுவது என்று தெரியாமல் அதை எப்படிச் செலவழிப்பேன்?

அன்பு மருமகள்


ஏப்ரல் 12

என் கண்ணான மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உன் மாமா நூலகம் போயிருக்கிறார், அந்த நேரத்தில் எழுதுகிறேன். எனக்கு உங்கள் மாதிரி அழகாக எழுத வராது.

என் பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று எனக்கும் தெரியும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மனுஷன் நாள் முழுக்கக் கொடிக்கயிறோடு மல்லுக்கட்டினால் பெற்றவளுக்குப் புரியாதா? நீ சொல்லும்போது சொல், நான் தோண்ட மாட்டேன்.

நான் எழுத வந்தது வேறு. போன் அவசரக்காரர்களுக்கு, கடிதம்தான் உசத்தி என்று உனக்கு எழுதுகிறாராமே. அதெல்லாம் சும்மா. அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. போன் அடித்தாலே கேட்பதில்லை. அந்த மணியில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. அவர் அதை ஆட்டினால் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைக்கிறது! டாக்டரிடம் வாங்க என்றால் மணிக்கு நாக்கு தேய்ந்துவிட்டது என்கிறார். தேய்ந்தது என் நாக்குதான்.

இவருடைய சிக்கனம் வேறு என்னைக் கொல்கிறது. உடைந்த சாக்பீஸ் துண்டையெல்லாம் அரைத்து மறுபடி சாக்பீஸ் செய்த ஆசாமி, உனக்குத் தெரியாததா? போன வாரம் எலுமிச்சம்பழம் பிழிந்த பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் சாறு ஒட்டிக்கொண்டிருந்ததாம். கழுவினால் வீணாகிவிடுமே என்று அதிலேயே பாலைக் காய்ச்சிவிட்டார். அத்தனை பாலும் திரிந்து அடியில் கட்டிகட்டியாக உட்கார்ந்துவிட்டது. மேலே வெறும் தண்ணீர். “பால் சரியில்லை” என்று பால்காரரிடம் சண்டைக்குப் போகப் பார்த்தார். பிடித்து நிறுத்தினேன்.

படித்துச் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அன்புள்ள அத்தை


மே 5

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். நாங்கள் நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

அத்தை, மன்னியுங்கள். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. (அவர் விரலுக்கு என்ன என்பதை மாமா உங்களுக்குச் சொல்வார்.) சில வரிகளை விட்டுவிட்டு அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாய் குரைத்த இடத்தில் சிரித்தார். பால் திரிந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திடீரென்று நிறுத்திவிட்டார்.

“அந்தப் பாத்திரத்தைக் கழுவவே இல்லையா?”

“அதானே அத்தை எழுதியிருக்காங்க.”

“நானும் கழுவல” என்றார்.

“எதை?”

“முதல் வார்ப்புல நாம ஒடச்சுப் பார்த்த துண்டெல்லாம் மூலையில சும்மா கிடந்துச்சு. நல்ல உலோகமாச்சே, வீணாப் போகுதேன்னு ரெண்டாவது உருக்குல போட்டுட்டேன். அதே பானையிலதான். உங்கிட்ட சொல்லணும்னே தோணல.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “எங்கப்பா வளர்ப்பு” என்றார்.

மாமா, அந்தத் துண்டுகளில் அலுமினியம் இருந்தது. அலுமினியத்துக்கும் சிர்கோனியத்துக்கும் ஒரே பானையில் ஆகாது. இரண்டும் கைகோத்துக் கட்டியாகிக் கனத்து அடியில் உட்கார்ந்துவிடும். உங்கள் பாலும் எலுமிச்சையும் மாதிரியேதான். மறுநாள் பானையின் அடியைச் சுரண்டினோம். மண்டி படிந்து கிடந்தது. சோதித்தால் நான் போட்ட சிர்கோனியம் அத்தனையும் அதில். மிச்சமிருந்த அலுமினியம் மேலே கைப்பிடிக்குள் போய்க் கணீரென்று கத்தியிருக்கிறது. தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. ஆய்வகத்தில் அலுமினியத்தையும் பார்க்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

கடைசி உருக்குக்குப் புதுப் பானை, புது மக்னீசியம். எந்தத் துண்டும் உள்ளே போகாமல் அவரே பக்கத்தில் காவல் நின்றார். வார்த்து, ஆறவிட்டு, கட்டித் தொங்கவிட்டுத் தட்டினோம்.

டொக்.

முதலாளி ஓடிவந்தார். “ஏம்மா, இது என்ன மரக்கட்டையை அடிச்ச மாதிரி இருக்கு?”

“அந்தச் சத்தத்துக்குத்தான் சார் இத்தனை நாள் பாடுபட்டோம்.”

“கட்டைச் சத்தத்துக்கு இவ்வளவு சந்தோஷப்படற ஆளுங்களை இப்பதான் பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

கிரைண்டரில் மாட்டி ஓட்டினோம். இவர் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னது, ஓடுதா ஓடலையா?” என்றார். அதிராதது கைப்பிடியா, இல்லை உணராதது அவர் விரலா? வாங்கி நான் பிடித்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் விரலுக்கே லேசாகத்தான் தெரிந்தது.

கைப்பிடி மட்டும் போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகையால் இனி பாதி நாள்தான் கிரைண்டர், மீதி நாள் என்னோடு உலோகம் உருக்கும் உலையில். மற்ற கிரைண்டர்களுக்கும் இதே கைப்பிடி வார்க்க முதலாளி சம்மதித்துவிட்டார்.

அன்பு மருமகள்


ஜூலை 20

அப்பா,

உயிரோடு இருக்கிறேன்.

நீங்களும் அம்மாவும் நலம்தானே? எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேனாவை இறுக்கிப் பிடித்தால்தான் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் இது முழுக்க என் கையெழுத்து, அவள் தொடவில்லை.

என் விரல் விஷயம் உங்களுக்கு பிப்ரவரியிலிருந்தே தெரியும் என்று நேற்றுதான் சொன்னாள். இத்தனை மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே நீங்கள்! நீங்கள் கேட்பீர்கள் என்று பயந்து நான் ஒளித்தேன். நீங்கள் கேட்காமல் இருந்ததால்தான் இன்று நானே பேனாவை எடுத்தேன்.

ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் பரவாயில்லை. பொத்தானெல்லாம் நானே போடுகிறேன், கழுத்துப் பொத்தான் மட்டும் அவள். நானே போட்டுவிடலாம், ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. சுண்டுவிரல் இன்னும் வேற்றாள் விரல் மாதிரிதான் இருக்கிறது. பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

சரி, உங்கள் காது விஷயம் என்ன? அம்மா எழுதியதில் அவள் விட்டுவிட்டுப் படித்த வரிகளை நேற்று நானே எடுத்துப் படித்தேன். மணி மேல் பழியைப் போட்டீர்களாமே! உங்கள் பிள்ளை எங்கிருந்து ஒளிக்கக் கற்றுக்கொண்டான் என்று இப்போதாவது தெரிகிறதா? டாக்டரிடம் போங்கள். போய்விட்டு எழுதுங்கள்.

திருகாணி


ஆகஸ்ட் 3

அன்புள்ள திருகாணிக்கும் மருமகளுக்கும்,

இருவரும் நலமாக இருக்க ஆசிகள். திருகாணி, உன் கடிதத்தை இரண்டு முறை அல்ல, உன் அம்மா என் கையிலிருந்து பிடுங்கும் வரை படித்தேன். கோணல் எழுத்துக்கு நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இதற்கு நூற்றுக்கு நூறு.

டாக்டரிடம் போனோம். காதுக்குள் ஒரு சின்னக் கருவி பொருத்தப் போகிறார்கள். அடுத்த மாதம் கிடைக்கும். அதுவரை எனக்குப் பொறுமை இல்லை. அந்த வெண்கல மணியை ஒரு நூலில் கட்டி, நூலின் மறுமுனையை விரலில் சுற்றி, அந்த விரலால் காதை அடைத்துக்கொண்டு, அத்தையை மணியில் தட்டச் சொன்னேன். நூல் வழியாக, விரல் வழியாக அதிர்வு உள்ளே வந்தது. கணீரென்று, நீளமாக, ஓயவே மனமில்லாத மாதிரி! மணிக்கு வயதாகவில்லை மருமகளே. அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். “இன்னும் ஒரு தட்டு” என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் எதிர்வீட்டு நாய் குரைத்துக் குரைத்து ஓய்ந்துவிட்டது. அத்தை ஓயவில்லை.

கருவி வந்ததும் நானே போனில் கூப்பிடுகிறேன். ஆனாலும் கடிதத்தை நிறுத்தாதீர்கள்.

மருமகளே, எலுமிச்சை பிழிந்த பாத்திரத்தை இப்போதெல்லாம் கழுவிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: திருகாணி, ஒரு கரண்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டு. அது ஓய்வதற்குள் சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பார், அதிர்வு தெரிகிறதா என்று எழுது.